இரண்டு காதுகள், ஒரு கம்பி

பேஸ் கிடாரில் இன்னொரு பிக்கப்பைச் சேர்த்தால் ஒலி இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். திருவிழா மேடையில் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

கேரளத்தில் கோடைக்கு முந்தைய மாதங்கள் கோயில் திருவிழாக்களின் பருவம். திருவனந்தபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விழா நாட்களில் ஓர் இரவைக் கானமேளாவுக்கு ஒதுக்கும் கோயில்கள் ஏராளம். தமிழ்நாட்டில் மெல்லிசைக் கச்சேரி என்கிறோமே, அதன் மலையாள உடன்பிறப்பு இது. மைதானத்தில் மேடை, பின்னால் ஜெனரேட்டர், இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். பாடகருக்கு வெளிச்சம், டிரம்ஸ்காரருக்கு ஆரவாரம். இவர்களுக்குப் பின்னால், பெரும்பாலும் நிழலில், நான்கு கம்பி பேஸ் கிடாருடன் ஒருவர் நிற்பார். அவர் வாசிப்பதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. நிறுத்திவிட்டாலோ, பாட்டு காலூன்ற இடமில்லாமல் தவிக்கும்.

அவருக்கு ஒரு கவலை உண்டு. அவர் செய்கிற வேலையைக் கீபோர்டின் இடதுபக்கக் கட்டைகள் ஓரளவுக்குச் செய்துவிடும். செலவைக் குறைக்க நினைக்கும் குழு முதலில் கைவைக்கக்கூடிய இடம் அவருடையது. 2020, 2021 கொரோனா ஆண்டுகளில் திருவிழா மேடைகள் அடங்கி, வருமானம் நின்றுபோன அனுபவமும் இருக்கிறது. ஆகவே தன் வாத்தியம் தெளிவாகக் காதில் விழவேண்டும் என்று அவர் நினைப்பதில் கலைப் பெருமையோடு வயிற்றுப்பாடும் கலந்திருக்கிறது. அடுத்த சீசனுக்கும் அழைப்பு வருமா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில்தான் ஒரு யோசனை தோன்றும். இருக்கிற கிடாரிலேயே வேறு வகைப் பிக்கப் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்திவிட்டால் என்ன? புதிய கிடாரைவிடச் செலவு குறைவு. ஒன்றுக்கு இரண்டு இருந்தால் சத்தமும் கூடும், விதவிதமான தொனியும் கிடைக்கும் என்பது கணக்கு.

கணக்கு சரியா என்று பார்க்க, பிக்கப் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காந்தம் கேட்பது எதை?

'வண்டியில் பிக்கப் இல்லை' என்று மெக்கானிக்கிடம் புலம்பிப் பழகியவர்கள் நாம். கிடாரின் பிக்கப்புக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. அது கிடாரின் காது. ஒரு காந்தம், அதைச் சுற்றி தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். அவ்வளவுதான். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம். நம் ஊர் அணைக்கட்டுகளில் மின்சாரம் எடுப்பதும் இதே வழியில்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். ஒன்று, காந்தப் பிக்கப் இரும்பை மட்டுமே கேட்கும். பித்தளைக் கம்பியோ நைலான் கம்பியோ அதற்கு ஊமை. இரண்டு, கம்பியின் எந்த இடத்துக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கிறதோ அந்த இடத்து அதிர்வைத்தான் கேட்கும்.

இரண்டாவது விஷயம் வீணை வாசிப்பவர்களுக்குப் புதிதல்ல. 1939இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, பின்னர் ஸ்வாதித் திருநாளின் பெயரைத் தாங்கிய இசைக் கல்லூரியில் கே.எஸ். நாராயணசுவாமி போன்ற வைணிகர்கள் பாடம் சொன்னார்கள். வீணையின் குதிரைக்கு அருகில் மீட்டினால் ஒலி கூர்மையாகவும், தள்ளி மீட்டினால் உருண்டையாகவும் வரும் என்பது அங்கே ஆரம்பப் பாடம். மீட்டும் இடத்துக்குப் பொருந்துவது கேட்கும் இடத்துக்கும் பொருந்தும். கழுத்துப் பக்கம் உள்ள பிக்கப் கம்பியின் பெரிய வீச்சைக் கேட்கிறது; ஒலி கனமாக இருக்கும். குதிரைப் பக்கம் உள்ளது மேல் சுருதிக் கூறுகளை அதிகம் கேட்கிறது. ஒலி மெலிந்து, ஆனால் துல்லியமாக இருக்கும்.

ரேடியோ ரிப்பேர்காரரின் வேலை

பேஸ் கிடார் பிறந்ததே 'கேட்கவில்லை' என்ற குறையைத் தீர்க்கத்தான். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த அமெரிக்கக் கலைஞர்கள், டிரம்ஸுக்கும் எலெக்ட்ரிக் கிடாருக்கும் நடுவில் தங்கள் ஒலி காணாமல் போவதைக் கண்டார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் சுருளும் காந்தமும் தெரியும். 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், தோளில் மாட்டி வாசிக்கும் பேஸைப் பரவலாக்கியது.

1957இல் அதன் பிக்கப்பை அவர் மாற்றினார். ஒரே சுருளுக்குப் பதில் இரண்டு பாதிகள். ஒவ்வொன்றும் இரண்டு கம்பிகளுக்கு. ஒன்றின் காந்தமும் சுற்றும் மற்றதற்கு நேர் எதிர். அதனால் வெளியிலிருந்து புகும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இசை மட்டும் மிஞ்சும். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. இதில் நான்கு கம்பிகளுக்கும் பொதுவான மெல்லிய பிக்கப்புகள் இரண்டு. ஒன்று கழுத்துப் பக்கம், மற்றது குதிரைப் பக்கம்.

பிரிசிஷனின் கனமும் வேண்டும், ஜாஸின் துல்லியமும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் பிரிசிஷனின் மரத்தைக் குடைந்து குதிரைப் பக்கம் ஒரு ஜாஸ் பிக்கப்பைப் பதித்தார்கள். உலகெங்கும் இதற்கு பி-ஜே என்று பெயர். 1980களில் தொழிற்சாலைகளே இப்படிச் செய்து விற்க ஆரம்பித்தன. இன்று இந்தியக் கடைகளில் ஆரம்பநிலை பேஸ்களிலும் இந்தச் சேர்க்கை சகஜம்.

கூட்டலுக்குள் கழித்தல்

இரண்டு பிக்கப்புகளையும் ஒன்றாகத் திறந்தால் என்ன ஆகிறது? ஒரே கம்பியை இரண்டு காதுகள் இரண்டு இடங்களிலிருந்து கேட்கின்றன. கம்பி ஒரே நேரத்தில் பல விதமாக அதிர்கிறது: முழு நீளத்திலும், பாதியிலும், மூன்றில் ஒன்றிலும், நான்கில் ஒன்றிலும். சில அதிர்வுகளில் ஒரு பிக்கப்புக்கு மேலே கம்பி ஏறும் கணத்தில் மற்றதற்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கூறுகள் கலக்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். அடி ஒலி தப்பிவிடுகிறது. அடி வாங்குவது பெரும்பாலும் நடுத்தர ஒலிகள்தான்.

இந்த இழப்பு தனியாகக் கேட்கும்போது இனிமையாக இருக்கிறது என்பதுதான் சிக்கல். வீட்டு அறையில் சின்ன ஆம்ப்ளிஃபையரில் வாசித்தால், நடு ஒலி குறைந்த பேஸ் பளபளவென்று, ரிக்கார்டில் கேட்பதுபோல் இருக்கும். அதே ஒலியை மைதானத்துக்குக் கொண்டுபோனால் காணோம்.

காரணம் உண்டு. பேஸின் மிகத் தடித்த கம்பியின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு சுமார் 41. அடுத்தவை 55, 73, 98. இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் திறந்தவெளியில் தூரம்வரை கொண்டுசெல்ல மிகப்பெரிய ஸ்பீக்கர்களும் ஏராளமான சக்தியும் வேண்டும். எதிரொலிக்கச் சுவரும் இல்லை. சாதாரண ஏற்பாட்டில் அடி ஒலியின் பெரும்பகுதி மேடையைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். அப்படியும் பேஸ் கேட்கிறதென்றால், அதன் மேல் கூறுகளை வைத்து நம் மூளை அடி ஒலியை ஊகித்துக்கொள்கிறது. பாக்கெட் டிரான்சிஸ்டரில்கூட இளையராஜா பாட்டின் பேஸைப் பின்தொடர முடிவது இதனால்தான். சசிதரன் வாசித்த அந்த அடிவரிகளின் தாழ்ந்த சுருதியை அந்தச் சின்ன ஸ்பீக்கர் உண்மையில் எழுப்புவதே இல்லை. மேல் கூறுகள் வருகின்றன, மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்கிறது.

ஆக, மேடையில் பேஸைக் காப்பாற்றுவது நடு ஒலி. இரண்டு பிக்கப்புகளையும் முழுதாகத் திறக்கும்போது முதலில் பறிபோவதும் அதுவே. கூடுதல் பிக்கப் வைத்த பிறகு 'முன்பைவிடக் குறைவாகக் கேட்கிறதே' என்று சிலர் குழம்புவதற்கு இதுவே காரணம். பழுது எதுவும் இல்லை, இயற்பியல் தன் வேலையைச் செய்கிறது. இதற்கு எளிய மருந்து, ஒன்றை முழுதாகத் திறந்து மற்றதைக் கொஞ்சம் குறைப்பது. குதிரைப் பக்கத்து வால்யூமை முக்கால் பங்குக்கு இறக்கினாலே பறிபோன சதை ஓரளவு திரும்பிவிடும்.

ஐம்பது ஹெர்ட்ஸ் விருந்தாளி

பி-ஜே சேர்க்கையில் இன்னொரு வில்லங்கம் இரைச்சல். பிரிசிஷன் பிக்கப் தானாகவே இரைச்சலை அடக்கிக்கொள்ளும். ஜாஸ் பேஸில் உள்ள இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருப்பதால், இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போது இரைச்சல் அடங்கும். ஆனால் பிரிசிஷனோடு ஒற்றை ஜாஸ் பிக்கப்பைச் சேர்த்தால் அதற்கு ஜோடி இல்லை. அதைத் திறந்த கணமே 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் வந்துவிடும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியின் மூன்றாவது மெட்டில் கிடைக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தின் இரட்டிப்பு 100. மெல்லிய கம்பியை வெறுமனே மீட்டினால் 98. அதாவது பேஸ்காரர் அடிக்கடி தொடும் சுரங்களுக்குப் பக்கத்திலேயே, சற்று சுருதி பிசகி, இந்த அழையா விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே அவர் வேறு சுரத்தில் இடைஞ்சல் செய்கிறார். ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் சூழ்ந்த திருவிழா மேடையில் அவருக்குக் கொண்டாட்டம். பி-ஜே செய்ய விரும்புகிறவர்கள், ஜாஸ் பிக்கப்பின் அளவிலேயே உள்ளுக்குள் இரண்டு சுருள்கள் வைத்து இரைச்சலை அடக்கும் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

எர்த் விஷயத்தில் அலட்சியம் கூடாது. கிடாரின் கம்பிகள் குதிரை வழியாக எர்த் வயருடன் இணைந்தவை. பிக்கப் மாற்றும்போது அறுந்துவிடும் அந்த ஒற்றை வயரைத் திரும்ப வைக்க மறந்தால் இரைச்சல் பெருகும். மேடை வயரிங்கிலேயே எர்த் கோளாறு இருந்தால் ஆபத்து அதைவிடப் பெரியது. 1972இல் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, கையில் கிடாரோடு மேடை மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார்.

மரத்தைக் கேட்கும் படிகம்

இதுவரை பார்த்தவை எல்லாம் ஒரே ஜாதி: காந்தப் பிக்கப்புகள். வேறு ஜாதியும் உண்டு. 1880இல் பியர் க்யூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். பீஸோ பிக்கப் இந்த வகை. இது குதிரைக்கு அடியில் இருந்து அழுத்தத்தையும் மரத்தின் அதிர்வையும் கேட்கிறது. கம்பி இரும்பா, வெண்கலமா என்ற கவலை அதற்கில்லை. வீணைக்கும் வயலினுக்கும் ஒட்டப்படும் கான்டாக்ட் மைக்குகள் பல இந்த இனத்தவை. வீணையில் பித்தளைக் கம்பியோ செம்பு சுற்றிய கம்பியோ இருந்தால் காந்தம் அதைச் சரியாகக் கேட்காது, படிகம் கேட்கும். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் தம் வாத்தியத்தின் எட்டுக் கம்பிகளை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கி, எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தின் நீண்ட கமகங்களைக் கொண்டுவந்தார். அவருக்கு ஒலி நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. எது தேவை என்று தெரிந்து வாத்தியத்தில் கைவைத்தவர் அவர்.

காந்தத்தையும் படிகத்தையும் கலப்பது உண்மையிலேயே இரண்டு வேறு ஒலிகளைக் கலப்பது: ஒன்று கம்பியின் குரல், மற்றது மரத்தின் குரல். ஆனால் இரண்டையும் நேரடியாக ஒரே வயரில் சேர்க்க முடியாது. படிகம் தரும் மின்சாரம் மிக நலிந்தது. பத்து லட்சம் ஓம் அல்லது அதற்கும் மேற்பட்ட தடையைத்தான் அது தாங்கும். காந்தப் பிக்கப்புக்கு வழக்கமாக வைக்கும் 250 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலில் இணைத்தால் அதன் அடி ஒலி வடிந்துபோய் தகரச் சத்தம்தான் மிஞ்சும்.

ஆக்டிவ் பிக்கப் எனப்படும் பாட்டரி வகையோடு சாதாரண வகையைச் சேர்ப்பவர்களுக்கும் இதே கதி. ஆக்டிவ் வகைக்கு 25 கிலோ ஓம் கண்ட்ரோல், சாதாரண வகைக்கு 250 அல்லது 500. இரண்டையும் ஒன்றாக முடிந்தால், பலசாலியான ஆக்டிவ் பிக்கப் பக்கத்தில் இருப்பவரின் குரலை அமுக்கிவிடும். தனித்தனியே சிறிய ப்ரீ-ஆம்ப் வைத்து, அதற்குப் பிறகு கலப்பதே முறை. ஒன்பது வோல்ட் பாட்டரிக்கு இடம் தேடவேண்டியிருக்கும். கச்சேரி நடுவில் அது தீர்ந்துபோகும் வாய்ப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவியல் பக்குவம்

திருவனந்தபுரத்தில் 2003இல் உருவான ராக் குழு ஒன்று தனக்கு 'அவியல்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. மலையாளச் சொற்களையும் மேற்கத்திய ராக்கையும் ஒரே சட்டியில் போட்ட குழு. நரேஷ் காமத்தின் பேஸுடன் 2008இல் வெளிவந்த அவர்களுடைய ஆல்பம் கேரள எல்லையைத் தாண்டியும் பேசப்பட்டது. பிக்கப் கலப்பவர்களுக்கும் அவியல் நல்ல பாடம். வேகத் தாமதமாகும் காய் முதலில் போகிறது, சீக்கிரம் குழைவது கடைசியில். எதுவும் மற்றதை விழுங்கக் கூடாது.

பி-ஜேயில் விழுங்குவது பிரிசிஷன். அது நிற்கும் இடத்தில் கம்பியின் ஆட்டம் அதிகம், சுற்றுகளும் பொதுவாக அதிகம். குதிரைப் பக்கத்தில் கம்பி அவ்வளவு ஆடுவதில்லை. ஆகவே பிரிசிஷனைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஜாஸைக் கம்பிக்கு அருகில் உயர்த்தவேண்டும். செலவு ஒரு ஸ்க்ரூடிரைவர். வயரிங்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு வால்யூம்களையும் சாதாரணமாக இணைத்தால், ஒன்றைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் கிடாரே ஊமையாகிவிடும். ஜாஸ் பேஸில் உள்ளபடி பிக்கப் வயரை வால்யூமின் நடுக்காலில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டையும் சேர்த்துத் திறந்ததும் ஒலி வற்றி, அடிச்சத்தமே இல்லாமல் போனால் திசை மாறியிருக்கிறது என்று பொருள். பழைய ஊசி மல்டிமீட்டரை இணைத்து, பிக்கப்பை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டுப் பார்த்தால் ஊசி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று தெரியும். இரண்டும் ஒரே பக்கம் துள்ளவேண்டும். மாறினால் ஒன்றின் இரு வயர்களை இடம் மாற்றி ஈயம் வைத்தால் தீர்ந்தது.

கலக்காமலே இருப்பதும் ஒரு வழி. அமெரிக்கக் கலைஞர் பில்லி ஷீஹன் தம் பிரிசிஷனின் கழுத்தோரம் கிப்ஸன் நிறுவனத்தின் கனத்த ஒலிதரும் பிக்கப் ஒன்றைப் பதித்தார். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி வயர், தனித்தனி ஆம்ப்ளிஃபையர். ஆழம் ஒன்றில், தெளிவு மற்றொன்றில். கிடாருக்குள் இரண்டும் ஒன்றையொன்று சாப்பிட வாய்ப்பே இல்லை. இன்று மேடை மிக்ஸரில் கூடுதலாக ஒரு வழி இருந்தால் நம் ஊரிலும் இதைச் செய்யலாம்.

உளி எடுக்கும் முன்

திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பக்கத்திலேயே கடல். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது, வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கிறது, ஜாக்கின் தகடு பச்சை பூக்கிறது. 'என் பேஸ் மங்கிவிட்டது, புதிய பிக்கப் வேண்டும்' என்று தோன்றும்போது பாதிக் குற்றவாளிகள் இவர்கள்தான். புதிய கம்பி போட்டு, கண்ட்ரோலைச் சுத்தம் செய்து, பிக்கப்பின் உயரத்தைச் சரிபார்த்த பிறகும் குறை இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அந்த அடுத்த கட்டமும் உளி அல்ல. பழைய பிக்கப்பின் குழியிலேயே உட்காரும் வேறொரு பிக்கப்பை மாற்றிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்ப வைத்துவிடலாம். இரண்டு பிக்கப் உள்ள நண்பரின் கிடாரைக் கடன் வாங்கி ஓர் இரவு முழுக் குழுவோடு மேடையில் வாசித்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் நிற்கவைத்து எந்த நிலையில் பேஸ் கேட்டது என்று கேட்கலாம். படுக்கையறையில் எடுத்த முடிவுக்கும் அவர் சொல்லும் பதிலுக்கும் இடையே உள்ள தூரம் சிலரை மாற்று யோசனைக்கே கொண்டுபோகும்.

இத்தனைக்கும் பிறகு இரண்டாவது பிக்கப் வேண்டும் என்று தெளிந்தவர் குடையட்டும். குடையும் முன் இடத்தை அளந்து, குழியில் செப்புத் தகடு ஒட்டி எர்த்துடன் இணைத்து, மரத்தின் பச்சைக் காயத்துக்கு வார்னிஷ் பூசி மழை ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். தனக்கு எந்த ஒலி குறைகிறது என்று தெரிந்தவருக்கு இரண்டாவது காது நிச்சயம் உதவும். அது தெரியாதவர் எத்தனை பிக்கப் வைத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கப்போவதில்லை. ஈயம் வைத்த வயரை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். குடைந்த மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க எந்தப் பட்டறையிலும் வழி கிடையாது.